கூட்டத்தில் நின்ற ராஜா

1925-ம் ஆண்டு.

ஹாலிவுட்டில் மெட்ரோ கோல்ட்வின் மேயர் கம்பெனி "தி மெர்ரி விடோ" என்ற ஊமைப்படத்தை வெளியிட்டது. ஜான் கில்பர்ட் கதாநாயகன். மே முர்ரே கதாநாயகி. ராஜகுமாரன், பட்டாளத்து அதிகாரிகள், சீமாட்டிகள் வருகிற கதை. ஆகவே, படத்தில் ஏகப்பட்ட கூட்டம்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வாலிபர் நின்றார். வயது 24. நெட்டையான உருவம். காது இரண்டும் கொஞ்சம் பெரிது. படத்தில் அவருக்கு வசனமும் இல்லை, பெயரும் போடவில்லை. அவருக்குக் கிடைத்தது அன்றாடக் கூலி.

ஆறே ஆண்டுகளில் அந்த வாலிபர் அதே கம்பெனியின் பெரிய நட்சத்திரம் ஆனார். பிறகு, "ஹாலிவுட்டின் ராஜா" என்று உலகமே அவரை அழைத்தது. அவர்தான் கிளார்க் கேபிள்.

எக்ஸ்ட்ரா நடிகராக நுழைந்து, படிப்படியாக ஏறி, உச்சிக்குப் போனவர் என்று அவரைப் பற்றிப் பலர் நினைப்பது உண்டு. கூட்டத்தில் ஒருவனாக நின்றால் போதும், என்றாவது ஒரு நாள் டைரக்டர் கண்ணில் படுவோம் என்று நம்பி வீட்டை விட்டுப் புறப்படும் பிள்ளைகளுக்கு, அவர் கதை ஒரு தைரியம். ஆனால், நடந்தது வேறு. கூட்டத்தில் நின்றபோது அவரை யாரும் பார்க்கவில்லை. அங்கிருந்து விலகிப் போன பிறகுதான் அவருக்கு விடிந்தது.

தாய் முகம் அறியாதவர்

அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தில் காடிஸ் என்று ஒரு சிறிய ஊர். அங்கே 1901-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி கிளார்க் கேபிள் பிறந்தார். பத்து மாதக் குழந்தையாக இருந்தபோது தாயார் இறந்துவிட்டார்.

தந்தை வில்லியம் கேபிள், எண்ணெய்க் கிணறு தோண்டுபவர். முரட்டு மனிதர். உழைப்பாளி. அவர் 1903-ல் ஜென்னி டன்லப் என்ற பெண்ணை இரண்டாம் தாரமாக மணந்துகொண்டார்.

சிற்றன்னை என்றால் கொடுமைக்காரி என்று கதைகளில் வரும். ஜென்னி அப்படிப்பட்டவர் அல்ல. தாயில்லாப் பிள்ளையைத் தன் பிள்ளையாகவே வளர்த்தார். பியானோ வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். சுத்தமாக உடை உடுத்தப் பழக்கினார். பிள்ளை ஊர் பாண்டு வாத்தியக் கோஷ்டியில் சேர்ந்து, பெரியவர்களுக்குச் சமமாக உட்கார்ந்து ஊதினான்.

தந்தைக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. ஆண்பிள்ளை என்றால் வேட்டையாட வேண்டும்; உடம்பு வளைந்து வேலை செய்ய வேண்டும் என்பது அவர் கட்சி.

பதினேழு வயது வாக்கில் கேபிள் ஆக்ரன் நகரத்துக்குப் போனார். அங்கே ஒரு டயர் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ஒருநாள் "தி பேர்ட் ஆப் பாரடைஸ்" என்ற நாடகத்தைப் பார்த்தார். அன்றோடு அவர் மனம் டயரில் இல்லை. நடிகனாகத்தான் ஆவது என்று முடிவு செய்துவிட்டார்.

கொஞ்ச காலத்தில் ஜென்னியும் இறந்துபோனார். வீட்டில் அவருக்காகப் பரிந்து பேச இருந்த ஒரே ஜீவனும் போய்விட்டது. தந்தை அவரை ஓக்லகாமா மாநிலத்து எண்ணெய் வயல்களுக்கு அழைத்துப் போனார். சேறு, புகை, வெயில். கேபிள் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்தார்.

21 வயது ஆனதும், பாட்டனார் சொத்தில் இருந்து 300 டாலர் அவர் கைக்கு வந்தது. அன்றே எண்ணெய் வயலுக்குக் கும்பிடு போட்டுவிட்டார். நடிக்கப் போகும் மகனைத் தந்தை வாழ்த்தி அனுப்பவில்லை. மனஸ்தாபத்தோடுதான் பிரிந்தார்கள்.

டை விற்றார், மரம் சுமந்தார்

ஊர் ஊராகப் போகும் ஒரு சிறிய நாடகக் கம்பெனியில் கேபிள் சேர்ந்தார். மான்டானா மாநிலத்தில் பியூட் என்ற ஊருக்குப் போனபோது கம்பெனி நொடித்துவிட்டது. நடிகர்கள் நடுத்தெருவில் நின்றார்கள்.

கேபிள் சரக்கு ரெயிலில் ஏறி ஓரிகன் மாநிலத்துக்குப் போனார். மரம் அறுக்கும் இடத்தில் கூலி வேலை செய்தார். பிறகு போர்ட்லண்டு நகரத்துக்கு வந்து, ஒரு பெரிய ஜவுளிக்கடையில் கழுத்து "டை" விற்றார். டெலிபோன் கம்பெனியிலும் வேலை பார்த்தார். எந்த வேலையும் நிலைக்கவில்லை. நடிப்பு ஆசை மட்டும் நிலைத்தது.

போர்ட்லண்டில் ஜோசபின் டில்லன் என்ற அம்மாள் நடிப்புப் பயிற்சி கொடுத்து வந்தார். நியூயார்க் மேடைகளில் நடித்துப் பழகியவர். கேபிளை விட 17 வயது மூத்தவர். அவரிடம் கேபிள் மாணவராகப் போய்ச் சேர்ந்தார்.

அப்போது கேபிளைப் பார்த்தால், நடிகர் ஆவார் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பட்டினியால் மெலிந்த உடம்பு. கெட்டுப்போன பற்கள். கீச்சென்று ஒலிக்கும் குரல்.

ஜோசபின் முதலில் பற்களைச் சீர்செய்யத் தன் கைப்பணத்தைச் செலவழித்தார். தலைமுடியைத் திருத்தினார். வயிறாரச் சாப்பிடச் செய்தார். நிமிர்ந்து நிற்கவும், நிதானமாக நடக்கவும் பழக்கினார். எல்லாவற்றுக்கும் மேலாக, குரலைப் பிடித்துக்கொண்டார். நாள் தவறாமல் பயிற்சி. மேலே போகும் குரலைக் கீழே இறக்கி, கனமாக, அழுத்தமாகப் பேச வைத்தார். பிற்காலத்தில் உலகம் கேட்டு மயங்கிய அந்தக் குரல் கடவுள் கொடுத்தது பாதி, ஜோசபின் கொடுத்தது பாதி.

1924-ல் இருவரும் ஹாலிவுட்டுக்கு வந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் மாதம் திருமணம் நடந்தது. ஜோசபின் பாடம் சொல்லிக் கொடுத்துக் குடும்பம் நடத்தினார். கேபிள் ஸ்டூடியோ வாசல்களுக்குப் படையெடுத்தார்.

ஸ்டூடியோ வாசலில்

அந்த நாளில் ஹாலிவுட்டில் எக்ஸ்ட்ராக்களின் பிழைப்பு எப்படி இருந்தது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பொழுது விடியும்போதே ஸ்டூடியோ வாசலில் கூட்டம் கூடிவிடும். உதவி ஆள் ஒருவர் வருவார். அன்றைக்குப் பத்துப் போலீஸ்காரர் வேண்டுமா, இருபது பிச்சைக்காரர் வேண்டுமா, ஐம்பது சிப்பாய்கள் வேண்டுமா என்று பார்ப்பார். உயரத்தையும் உடுப்பையும் பார்த்து ஆள் பொறுக்குவார். மற்றவர்கள் திரும்பிப் போக வேண்டியதுதான். நல்ல இரவு விருந்து உடுப்பு சொந்தமாக வைத்திருப்பவர்களுக்குக் கூலி கூட. ஆகவே, சாப்பாட்டுக்கு இல்லாதவர்கள்கூடக் கடன்பட்டுக் கோட்டு தைத்துக்கொண்டார்கள். சாதாரண எக்ஸ்ட்ராவுக்கு நாளுக்கு 5 டாலர், 7½ டாலர் என்று கிடைக்கும். அதிலும் தரகர்கள் தங்கள் பங்கைப் பிடித்துக்கொள்வார்கள்.

தரகர்களின் தொல்லை மிதமிஞ்சிப் போகவே, பட முதலாளிகள் எல்லோரும் சேர்ந்து 1925-ம் ஆண்டுக் கடைசியில் "சென்ட்ரல் காஸ்டிங்" என்ற ஒரு பொது அலுவலகத்தை ஏற்படுத்தினார்கள். எக்ஸ்ட்ராக்கள் அங்கே பெயரைப் பதிந்துகொண்டார்கள். வாசலில் காத்துக் கிடப்பது குறைந்தது. அதற்குப் பதில் டெலிபோனில் கேட்பது வந்தது. வேலை உண்டா என்று கேட்பார்கள். பெரும்பாலும், இல்லை என்றுதான் பதில் வரும். ஆயிரக்கணக்கானோர் பெயர் பதிந்திருந்தால், எல்லோருக்கும் எங்கே வேலை கொடுப்பது?

வேலை கிடைத்துவிட்டாலும் அதில் ஒரு சங்கடம் உண்டு. நடிகன் என்பவன் ரசிகர் கண்ணை இழுக்க வேண்டும். எக்ஸ்ட்ராவோ யார் கண்ணையும் இழுக்கக் கூடாது! கதாநாயகன் பேசும்போது பின்னால் நிற்கிறவன் முகத்தைச் சுளித்தால் காட்சி கெட்டுவிடும். ஒரு காட்சியில் அவன் முகம் பளிச்சென்று தெரிந்துவிட்டால், அடுத்த காட்சியில் அவனை நிறுத்த முடியாது. அந்தச் சம்பளமும் போய்விடும். எவன் அடங்கி ஒதுங்கி நிற்கிறானோ, அவனே நல்ல எக்ஸ்ட்ரா. அவனைத்தான் மறுநாளும் கூப்பிடுவார்கள்.

இந்த வாழ்க்கையில்தான் கேபிள் மாட்டிக்கொண்டார். 1924-ல் வந்த "பர்பிடன் பாரடைஸ்" படத்தில் சிப்பாய்களில் ஒருவராக நின்றார். "தி மெர்ரி விடோ"வில் கூட்டத்தில் ஒருவர். கிளாரா போ நடித்த "தி பிளாஸ்டிக் ஏஜ்" படத்தில் கல்லூரி மாணவர்களில் ஒருவர். இப்படியே நாள் ஓடியது.

அந்த வேலையால் பயனே இல்லை என்று சொல்ல முடியாது. வீட்டுக்கு நாலு காசு வந்தது. காமிரா எங்கே நிற்கிறது, விளக்கு எப்படி விழுகிறது, டைரக்டர் எப்படி வேலை வாங்குகிறார் என்பதை எல்லாம் அருகில் இருந்து பார்க்க முடிந்தது. புதிதாக வருகிறவனுக்கு ஸ்டூடியோ என்றால் ஏற்படும் நடுக்கம், நாலு நாள் கூட்டத்தில் நின்றால் போய்விடும்.

ஆனால், கேபிளிடம் இருந்த சரக்கு என்ன? ஜோசபின் பாடுபட்டுத் திருத்திக் கொடுத்த குரல். அவரோ ஊமைப்படத்தில் நின்றுகொண்டிருந்தார்! அதுவும் கதாநாயகனுக்குப் பின்னால் எங்கோ ஒரு மூலையில். பத்து ஆண்டுகள் நின்றிருந்தாலும் அந்தக் குரலை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கூப்பருக்குக் கிடைத்த குதிரை

இதே காலத்தில் இன்னொரு வாலிபரும் எக்ஸ்ட்ராவாக அலைந்தார். அவரும் 1901-ல் பிறந்தவர். பெயர் கேரி கூப்பர். மான்டானா மாநிலத்தைச் சேர்ந்த நீதிபதி ஒருவரின் மகன். சித்திரம் வரைந்து பிழைக்க நினைத்தவர். 1924-ன் கடைசியில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்கு வந்தார். சொந்த ஊர் நண்பர்கள் சிலர் படங்களில் குதிரை ஓட்டிச் சம்பாதிப்பதைக் கண்டு, அவரும் அதில் இறங்கினார். குதிரைச் சவாரி அவருக்குச் சிறு வயதிலேயே பழக்கம். சண்டைப் படங்களில் குதிரையில் பறப்பார். குதிரையில் இருந்து விழுவார்.

1926-ல் "தி வின்னிங் ஆப் பார்பரா வொர்த்" என்ற படத்தில் அவரைக் குதிரை ஓட்டத்தான் எடுத்தார்கள். ஒரு முக்கிய வேஷத்துக்கு ஏற்பாடு செய்திருந்த நடிகர் வந்து சேரவில்லை. அந்த வேஷத்தைக் கூப்பரிடம் கொடுத்தார் டைரக்டர் ஹென்றி கிங். அத்தோடு கூப்பருக்கு அதிர்ஷ்டம் திறந்தது.

கூப்பருக்குத் தெரிந்த வித்தை தூரத்தில் இருந்து பார்த்தாலும் தெரியும். நூறு குதிரைகளுக்கு நடுவே ஒருவன் நன்றாகச் சவாரி செய்தால், கண் அவன் மேல் போகத்தான் செய்யும். அவருக்கு எக்ஸ்ட்ரா வேலையே ஏணி ஆயிற்று. கேபிளுக்கு அது செக்கு. சுற்றிச் சுற்றி வந்தார், இடம் மாறவில்லை.

மேடைக்குத் திரும்பினார்

கேபிளிடம் இருந்த நல்ல குணம், இதை அவர் சீக்கிரமே புரிந்துகொண்டதுதான். பலருக்கு அது புரிவதற்குள் தலை நரைத்துவிடும்.

லாஸ் ஏஞ்சல்சில் நடந்த நாடகங்களில் அவர் முகம் காட்டத் தொடங்கினார். அங்கேயும் முதலில் ஈட்டி பிடிக்கும் வேலைதான். ஜேன் கவுல் என்ற பெரிய நடிகை "ரோமியோ ஜூலியட்" நாடகம் நடத்தியபோது கேபிள் சிப்பாயாக நின்றார். ஆனால், நாடகக் கம்பெனியில் நிற்பதற்கும் ஸ்டூடியோவில் நிற்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. நாடகத்தில் தினமும் அதே ஆட்கள், அதே மேடை. யாருக்காவது காய்ச்சல் வந்தால் அந்த வேஷத்தைப் பக்கத்தில் இருப்பவன் போட வேண்டும். அவனுக்கு வசனம் தெரியுமா என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஸ்டூடியோவிலோ இன்று நிற்பவன் நாளை வேறு இடம். அவன் பெயரே யாருக்கும் தெரியாது.

"வாட் பிரைஸ் குளோரி" என்ற போர் நாடகத்தில் சிறிய வேஷத்தில் சேர்ந்த கேபிள், பிறகு அதிலேயே பெரிய வேஷம் போட்டார். "தி காப்பர்ஹெட்" நாடகத்தில் லியோனல் பாரிமோருடன் நடித்தார். பாரிமோர் பெரிய நடிகர் குடும்பத்தைச் சேர்ந்தவர். வாலிபரின் உழைப்பு அவருக்குப் பிடித்துவிட்டது. அந்தப் பழக்கம் பிறகு உதவியது.

1927-ல் கேபிள் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். ஹாலிவுட்டை விட்டே புறப்பட்டு, டெக்சாஸ் மாநிலத்தில் ஹூஸ்டன் நகரத்துக்குப் போனார். சினிமாவுக்கு வந்தவன் சினிமா ஊரை விட்டுப் போவதா என்று கேட்கத் தோன்றும். அங்கே ஒரு நாடகக் கம்பெனியில் அவருக்கு நிரந்தர வேலை. வாரத்துக்கு ஒரு புது நாடகம். பகலில் அடுத்த வார நாடகத்துக்கு ஒத்திகை. இரவில் இந்த வார நாடகம். ஒரு வாரம் காதலன், மறுவாரம் கொள்ளைக்காரன். கூட்டத்தில் எத்தனை ஆண்டுகள் நின்றாலும் கிடைக்காத பயிற்சி அங்கே ஒரே ஆண்டில் கிடைத்தது. ஊர்ப் பெண்கள் அவரைப் பார்ப்பதற்கென்றே டிக்கெட் வாங்கினார்கள்.

ஹூஸ்டனில் இருந்து நேரே நியூயார்க். 1928 செப்டம்பரில் "மெஷினல்" என்ற நாடகத்தில் கதாநாயகியின் காதலனாக நடித்தார். பத்திரிகைகள் பாராட்டின.

இதற்குள் உலகமே மாறிக்கொண்டிருந்தது. 1927-ல் "தி ஜாஸ் சிங்கர்" வந்தது. படம் பேசத் தொடங்கிவிட்டது. ஊமைப்படத்தில் கொடிகட்டிப் பறந்தவர்கள் பலர், வாய் திறந்ததும் சரிந்தார்கள். ஜான் கில்பர்ட்டும் அவர்களில் ஒருவர். பட முதலாளிகள், பேசத் தெரிந்த நடிகனைத் தேடி நாடகக் கொட்டகைகளுக்கு ஓடினார்கள்.

பெரிய காது

1930-ல் லாஸ் ஏஞ்சல்சில் "தி லாஸ்ட் மைல்" நாடகம் நடந்தது. மரண தண்டனையை எதிர்நோக்கி இருக்கும் கைதிகளின் கதை. நியூயார்க்கில் ஸ்பென்சர் டிரேசி நடித்துப் பெயர் வாங்கிய கொலைகாரன் வேஷத்தை, இங்கே கேபிள் ஏற்றார். அவர் உறுமிய உறுமலில் கொட்டகை அதிர்ந்தது. பார்க்க வந்தவர்களில் சினிமாக்காரர்கள் நிறையப் பேர்.

ஆனாலும், கதவு ஒரே தட்டில் திறந்துவிடவில்லை. மெட்ரோ கோல்ட்வின் மேயரில் பாரிமோரே முயற்சி எடுத்து அவரை வைத்துச் சோதனைப் படம் எடுத்தார். தீவுவாசி வேஷம். இடுப்பில் துண்டு, காதில் பூ. பார்த்தவர்கள் வேண்டாம் என்றார்கள். வார்னர் கம்பெனியிலும் ஒரு சோதனை. காது மிகவும் பெரிது என்று தள்ளிவிட்டார்கள்.

பாத்தே கம்பெனி எடுத்த "தி பெயின்டட் டெசர்ட்" படத்தில் வில்லன் வேஷம் கிடைத்தது. குதிரை ஏறத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அவசர அவசரமாகச் சவாரி கற்றுக்கொண்டார். 1931-ல் அந்தப் படம் வந்தது. குரல் கொட்டகையை நிறைத்தது. ரசிகர்கள் கடிதம் எழுதினார்கள்.

மெட்ரோ கோல்ட்வின் மேயர் அவரை ஒப்பந்தம் செய்துகொண்டது. அந்த ஒரே ஆண்டில் அவர் நடித்துப் பத்துக்கு மேற்பட்ட படங்கள் வெளிவந்தன. "எ பிரீ சோல்" படத்தில் நார்மா ஷீரரைப் பிடித்துத் தள்ளும் முரடனாக வந்தார். ரசிகர்களுக்குக் கோபம் வரவில்லை, ஆசைதான் வந்தது. அதே படத்தில் நார்மா ஷீரரின் தந்தையாக நடித்து, சிறந்த நடிகர் ஆஸ்கார் பரிசைப் பெற்றவர் லியோனல் பாரிமோர்.

மற்றவை ஊரறிந்த செய்தி. 1934-ல் "இட் ஹாப்பன்ட் ஒன் நைட்" படத்துக்காகக் கேபிளுக்கே ஆஸ்கார் கிடைத்தது. 1939-ல் "கான் வித் தி விண்ட்" படத்தில் ரெட் பட்லராக வந்தார். 1942 ஜனவரியில் அவருடைய மனைவி, நடிகை கரோல் லம்பார்டு விமான விபத்தில் மாண்டார். அதே ஆண்டு கேபிள் விமானப் படையில் சேர்ந்து, ஜெர்மனி மீது குண்டுவீசப் போன விமானங்களில் பறந்தார். 1960 நவம்பர் 16-ந் தேதி, 59-வது வயதில் மாரடைப்பால் இறந்தார். அவருடைய ஒரே மகன் பிறந்தது, அதற்கு நாலு மாதங்களுக்குப் பிறகு.

நடிப்பு ஆண்பிள்ளைக்கு அழகல்ல என்று கோபித்த தந்தை, மகன் பெயர் பெற்றபின் கலிபோர்னியாவுக்கு வந்தார். மகன் அவருக்கு வீடு வாங்கிக் கொடுத்து வைத்துக் காப்பாற்றினார்.

ஜோசபினின் கதைதான் மனதை உறுத்துகிறது. கேபிள் நாடகம் நாடகம் என்று ஊர் ஊராகப் போனபோதே இருவருக்கும் இடையில் தூரம் விழுந்துவிட்டது. 1930-ல் விவாகரத்து ஆயிற்று. மறு ஆண்டே கேபிள், ஹூஸ்டனைச் சேர்ந்த ஒரு பணக்காரப் பெண்மணியை மணந்துகொண்டார். பல்லுக்குப் பணம் கொடுத்து, குரலுக்கு உயிர் கொடுத்தவர், மாணவன் ராஜா ஆவதை வெளியே நின்று பார்க்க வேண்டியதாயிற்று. அவர் ஹாலிவுட்டிலேயே தங்கி, புதிய வாலிபர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக் காலம் தள்ளினார்.

கேபிள் 1955-ல் உயில் எழுதினார். அவர் இறந்தபின் அதைத் திறந்து பார்த்தார்கள். சொத்து முழுவதும் கடைசி மனைவி கே கேபிளுக்கு. ஒரே ஒரு வீடு மட்டும் நீங்கலாக. வடக்கு ஹாலிவுட்டில் இருந்த அந்த வீடு, ஜோசபின் டில்லனுக்கு.